எழுபத்திரண்டு நொடி

சரவணக்குமாருக்குக் கல்யாணம் நடந்தது ஒரு தடவைதான். வீடியோ மட்டும் இரண்டு.

மாப்பிள்ளை வீட்டார் பூந்தமல்லி முஸ்தகீமை ஏற்பாடு செய்திருந்தார்கள். பெண் வீட்டார் அம்பத்தூரிலிருந்து நிஷாவை வரவழைத்திருந்தார்கள். முஸ்தகீம் பதினேழு வருடமாகக் கல்யாணம் எடுக்கிறவர். நிஷா கல்யாணம் எடுப்பதில்லை, கதை சொல்கிறாள். அப்படித்தான் அவளுடைய விசிட்டிங் கார்டில் போட்டிருந்தது. அவரவர் வீட்டு ஆட்களை மட்டும் எடுத்தால் போதும் என்று இரண்டு பேருக்கும் தனித்தனியாக உத்தரவு. ஆகவே முஸ்தகீமின் வீடியோவில் மணப்பெண் ஸ்வாதி, மாப்பிள்ளையின் தோளோரம் அலங்காரப் பூவைப் போல அவ்வப்போது எட்டிப் பார்த்தாள். நிஷாவின் வீடியோவில் தாலி கட்டிய கை யாருடையது என்பது கடைசி வரை மர்மமாகவே இருந்தது.

நாலு மாதம் இதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. மார்கழியில் தலைப் பொங்கல் பேச்சு வந்தபோதுதான் வினை வந்தது. காட்டுப்பாக்கத்தில் பெண் வீட்டு டிவியில் இரண்டு குடும்பமும் உட்கார்ந்து கல்யாண வீடியோ பார்ப்பதாக முடிவாயிற்று. எந்த வீடியோ என்பது முடிவாகவில்லை. மூன்று நாள் பேச்சுவார்த்தைக்குப் பிறகு உடன்பாடு ஏற்பட்டது: மொத்தம் ஒரு மணி நேரம், முப்பது நிமிடம் உங்களுடையது, முப்பது நிமிடம் எங்களுடையது. இரண்டையும் கோத்துத் தரும் பொறுப்பு, மாப்பிள்ளை வீட்டு ஆள் என்ற ஒரே தகுதியால், முஸ்தகீம் தலையில் விழுந்தது.

நிஷாவின் வீடியோவோடு ஹார்ட் டிஸ்க் வந்த அன்று, மாப்பிள்ளையின் அப்பா வீராசாமியும் ஸ்டூடியோவுக்கு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணனூர் ரயில் பணிமனையில் முப்பத்தோரு வருடம் மேற்பார்வை பார்த்து ஓய்வு பெற்றவர். மேற்பார்வை மட்டும் ஓய்வு பெறவில்லை. முஸ்தகீம் டிஸ்கைத் தன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் செருகினார். திரையில் ஒரு கேள்வி வந்து நின்றது.

“இன்னா கேக்குது பாய்?”

“அழிச்சிரட்டுமான்னு கேக்குது சார்.”

“இன்னாத்த?”

“பொண்ணு ஊட்டுக் கல்யாணத்த. இது மேக் கம்ப்யூட்டர்ல போட்ட டிஸ்க். நம்ம மிசினுக்கு இத படிக்கத் தெரியாது. சுத்தமா தொடச்சிட்டு புதுசா ஆரம்பிக்கலாமான்னு கேக்குது.”

வீராசாமி சற்று நேரம் யோசித்தார். அந்தச் சற்று நேரம் முஸ்தகீமுக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

“அது மரியாதையாத்தான் கேக்குது,” என்றார் வீராசாமி.

முஸ்தகீம் வேண்டாம் என்பதை அழுத்திவிட்டு, டிஸ்கைப் பிடுங்கி மேஜை டிராயரில் வைத்துப் பூட்டினார். பிறகு ஸ்வாதியின் அண்ணன் தினகரனுக்குப் போன் போட்டார். தினகரன் ஐடி கம்பெனியில் பெரிய பொறுப்பில் இருப்பவர். என்ன பொறுப்பு என்று அவர் வீட்டில் யாருக்கும் சொல்லத் தெரியாது.

“பாய், டிஸ்க் பக்காவா இருக்கு. என்னோட மேக்ல ஓப்பன் ஆகுது. உங்க என்விரான்மென்ட்லதான் இஷ்யூ,” என்றார் தினகரன்.

முஸ்தகீம் தன் என்விரான்மென்ட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். கீழே பரோட்டாக் கடை, எதிரே பேருந்து நிலையம், பக்கத்தில் வீராசாமி. தினகரன் சொன்னதில் தப்பில்லை என்றுதான் பட்டது.

மறுநாள் தினகரன் இதற்காக ஒரு வீடியோ மீட்டிங் வைத்தார். முக்கால் மணி நேரம் நடந்தது. பிரச்சினையின் வேர் எது, கிளை எது என்று படம் போட்டு விளக்கினார். அடுத்த மீட்டிங்கை வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம் என்பது இந்த மீட்டிங்கின் முடிவு. முஸ்தகீம் பொறுத்துப் பார்த்துவிட்டு, நிஷாவின் நம்பரை வாங்கி நேராகப் பேசினார். ஏழு நிமிடம்.

“அச்சோ, டிஸ்க்க மேக்குக்குன்னே போட்டுக் குடுத்துட்டேனா? ரெண்டுலயும் படிக்கிற மாதிரி மாத்தித் தரேன் அண்ணா,” என்றாள்.

மாற்றித் தந்தாள். இந்தத் தடவை டிஸ்க் திறந்தது. ஃபைலும் திறந்தது. நாதஸ்வரம் கேட்டது, கெட்டிமேளம் கேட்டது, யாரோ யாரையோ நகரச் சொல்லித் திட்டியதும் கேட்டது. படம்தான் வரவில்லை. கல்யாணம் முழுக்கக் கும்மிருட்டில் நடந்து முடிந்தது.

“கரண்ட்டு போயிடுச்சா அன்னிக்கு?” என்று கேட்டார் வீராசாமி. அவர் குரலில் வருத்தம் இல்லை.

“இல்ல சார். படத்த அவங்க கட்டிவெச்ச விதம் வேற. நம்ம பழைய சாஃப்ட்வேருக்கு அந்த முடிச்ச அவுக்கத் தெரியல.”

அடுத்த நாள் காலையில் நிஷா தன் லேப்டாப்பை முதுகில் மாட்டிக்கொண்டு ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். முஸ்தகீம் அவளைக் கொஞ்சம் உஷாராகவே பார்த்தார். காரணம் இருந்தது. முகூர்த்த நேரத்தில், மண்டபம் நிறைய ஆட்கள் இருக்கும்போது, உங்க லைட் என்னோட மூடைக் கெடுக்குது அண்ணா என்று சொன்னவள் அவள். பதினேழு வருடத்தில் அவருடைய லைட்டை அப்படி யாரும் அவமானப்படுத்தியதில்லை.

அவள் ஃபைலை, அவருடைய மென்பொருளுக்குப் புரிகிற சாதாரண வகையில் மறுபடி எழுதினாள். பாதி ஓடிக்கொண்டிருக்கும்போது, திரையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அன்னிக்கு உங்க லைட்ட பத்தி ஒண்ணு சொன்னேன்ல அண்ணா. ஊட்டுக்குப் போய்ப் பார்த்தா, அந்த லைட் இல்லாத எடத்துலலாம் எனக்கு ஒண்ணுமே வரல. ஒரே கறுப்பு.”

முஸ்தகீம் கீழே பரோட்டாக் கடைக்குப் போன் போட்டு இரண்டு டீ சொன்னார். பிறகு யோசித்து, சமோசாவும் சொன்னார்.

அதற்குப் பிறகு வேலை வேகமாக நடந்தது. முஸ்தகீம் செய்த டைட்டில் அவளுடைய மேக்கில் மணமக்கள் பெயருக்குப் பதிலாக ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாக நின்றது. அவர் பயன்படுத்தியது அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துரு. அது இல்லாத கம்ப்யூட்டரில் தமிழ் தெரியாது. டைட்டிலைப் படமாகவே மாற்றிக் கொடுத்தார். பெயர்கள் ஒழுங்காக வந்தன. அடுத்தது அசைவு. அவள் எடுத்தது நொடிக்கு இருபத்து நாலு படம், அவர் எடுத்தது இருபத்தைந்து. சேர்த்து ஓட்டினால் பெண் வீட்டார் நடக்கும்போதெல்லாம் லேசாக விக்கினார்கள். அவளுடைய பகுதியையும் இருபத்தைந்தாக ஓடவிட்டதும் விக்கல் நின்றது. ஐயர் மட்டும் மந்திரத்தைச் சற்று அவசரமாகச் சொன்னார். வித்தியாசம் யாருக்கும் தெரியாது என்று இருவரும் ஒப்புக்கொண்டார்கள்.

தினகரனுக்குத் தெரிந்தது. மந்திரத்தில் அல்ல, கணக்கில்.

“பாய், எங்க பக்கம் இருபத்தெட்டு நிமிஷம் நாப்பத்தெட்டு செகண்ட்தான் வருது. எழுபத்திரண்டு செகண்ட் மிஸ்ஸிங்.”

“எதையும் வெட்டல சார். கொஞ்சம் வேகமா ஓடுது, அவ்வளவுதான்.”

“அப்போ உங்க பக்கம் ஆளுங்க நிதானமா வருவாங்க, எங்க ஆளுங்க மட்டும் பஸ்ஸுக்கு ஓடற மாதிரி ஓடணும். இது நியாயமா பாய்?”

வீராசாமியிடம் சொன்னால் விட்டுக்கொடுப்பார் என்று முஸ்தகீம் நம்பினார். அவர் நம்பிக்கைகளில் இது ஒன்று.

“ஒரு செகண்டு தர மாட்டேன்,” என்றார் வீராசாமி. “அவங்க பொட்டி வேகமா ஓடுச்சின்னா நான் இன்னா பண்ண முடியும்? ரயிலு வேகமா போச்சின்னு டிக்கெட்டு காச திருப்பிக் குடுப்பாங்களா?”

பொங்கலுக்கு மூன்று நாள் இருந்தது. அப்போதுதான் ஸ்வாதியிடமிருந்து முஸ்தகீமின் போனுக்கு ஒரு வீடியோ வந்தது. கூடவே ஒரு வரி: ‘அண்ணா, இது நாங்க எங்க போன்ல எடுத்தது. எங்கயாவது சேர்க்க முடியுமான்னு பாருங்க.’

முஸ்தகீமும் நிஷாவும் சேர்ந்து உட்கார்ந்து பார்த்தார்கள். தாலி கட்டி முடிந்தபின், மண்டபத்துப் பின்கட்டில் அடுக்கிவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளுக்கு நடுவே மணமக்கள் இருவரும் ஒளிந்து உட்கார்ந்து, ஒரே இலையில் வடை தின்றுகொண்டிருந்தார்கள். இரண்டு கேமராவும் அந்த நேரத்தில் இரண்டு சம்பந்திகளை எடுத்துக்கொண்டிருந்தன.

போன் வீடியோவுக்கே உரிய கோளாறு இதிலும் இருந்தது. போகப் போகக் குரல் முன்னால் போய்விட்டது, உதடு பின்னால் வந்தது. போன் நொடிக்கு இத்தனை படம் என்ற கட்டுப்பாடு இல்லாமல் தோன்றியபடி எடுத்திருந்தது. முஸ்தகீம் அதை இருபத்தைந்துக்குக் கட்டிப்போட்டார். நிஷா ஒவ்வொரு வார்த்தையாக உதட்டோடு பொருத்தினாள். பொருத்தியதும் பேச்சு தெளிவாகக் கேட்டது. கேட்டபின் முஸ்தகீம் வீடியோவை நிறுத்தினார்.

“இத போட்டா பொங்கல் பானை ஒடையும்மா.”

“போடுங்க அண்ணா. அந்தப் பொண்ணு தெரிஞ்சிதான் அனுப்பிச்சிருக்கு.”

சரியாக எழுபத்திரண்டு நொடிக்கு வெட்டினார்கள். விட்டுப்போன நொடிகள் சேர்ந்துவிட்டன, அதில் உங்க தங்கச்சி இருக்காங்க என்று நிஷா தினகரனிடம் சொன்னாள். புதிதாகச் சேர்த்ததில் உங்க பையன் இருக்காரு என்று முஸ்தகீம் வீராசாமியிடம் சொன்னார். இரண்டும் உண்மைதான்.

பொங்கலன்று மத்தியானம் சாப்பாடு முடிந்து, முஸ்தகீமும் நிஷாவும் உட்பட எல்லாரும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். தினகரன் கையில் போன், அதில் ஸ்டாப்வாட்ச். வீராசாமி கையில் வாட்ச். கல்யாணத்தைப் பார்த்தவர்களைவிட மணியைப் பார்த்தவர்கள் அதிகம். ஐம்பதாவது நிமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன.

“உங்கண்ணன் என்னப் பாத்து ஒரு தபாகூட சிரிச்சதில்ல தெரியுமா,” என்றான் திரையில் சரவணக்குமார், வாய் நிறைய வடையோடு. “எதுனா தப்பு பண்ணிட்டனான்னு பயமா கீது.”

“உங்கப்பா மட்டும்? இதுவரைக்கும் என் பேர சொல்லிக் கூப்பிட்டதே இல்ல. ‘அந்தப் பொண்ணு’, ‘அந்தப் பொண்ணு’ன்னுதான். பேர் மறந்துட்டாரான்னு கேட்டுச் சொல்லு.”

இரண்டு பேரும் சிரித்தார்கள். திரைக்கு வெளியே யாரும் சிரிக்கவில்லை. முஸ்தகீம் கதவு எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துவைத்துக்கொண்டார். திரையில் சரவணக்குமார் கடைசி வடையைப் பிய்த்து, பெரிய பாதியை அவளிடம் தள்ளினான். அடுத்து சித்தப்பாக்கள் வரிசையாக மொய்க் கவரோடு வர, கல்யாணம் மறுபடி பழைய மரியாதைக்குத் திரும்பியது.

வீடியோ முடிந்தது. வீராசாமி வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டார். தொண்டையைச் செருமினார்.

“அந்த வடை துண்ற எடம்,” என்றார். “அத இன்னொரு தபா போடும்மா. ஸ்வாதி.”

பெயர் தனியாக, கொஞ்சம் தாமதித்துத்தான் வந்தது. ஸ்வாதி உடனே திரும்பவில்லை. ரிமோட்டைத் தேடுகிற சாக்கில் முகத்தைச் சோபாவுக்குப் பின்னால் வைத்துக்கொண்டிருந்தாள். சரவணக்குமார்தான் எடுத்துக் கொடுத்தான்.

முஸ்தகீமும் நிஷாவும் சர்க்கரைப் பொங்கல் டப்பாவோடு கிளம்பியபோது தினகரன் வாசல் வரை வந்தார். மாப்பிள்ளையைப் பார்த்து அரை மணி நேரமாகச் சிரித்துச் சிரித்துத் தாடை வலித்தது போலிருந்தது, பழக்கமில்லாத வேலை.

“நல்லா பண்ணியிருக்கீங்க பாய். நிஷா, நீயும்தான். ஒரே ஒரு ஃபீட்பேக்.”

“சொல்லுங்க சார்.”

“அந்த எழுபத்திரண்டு செகண்ட் எங்க பக்கத்துக் கணக்குதானே? அதுல நான் எங்கயுமே வரல.”

“உங்களப் பத்தித்தான சார் ஆரம்பமே,” என்றார் முஸ்தகீம்.

தினகரன் அதை யோசித்துப் பார்த்தார். நியாயமாகத்தான் பட்டிருக்க வேண்டும். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனார்.