தண்ணீர் குடித்த பேட்

1

இந்தக் கதை என் ஆசையில் பிறக்கவில்லை, தொல்லையில் பிறந்தது. பள்ளி நாட்களில் நான் ஆடிய 'தாராவி ராக்கெட்ஸ்' ஹாக்கி அணி, இருபத்தைந்து வருடம் கழித்துத் தாணேயில் ஒரு ஹாலில் கூடுகிறதாம். நினைவு மலர் வேறு போடுகிறார்கள். "நம்ம பொற்காலத்தப் பத்தி ஒண்ணு எழுதிக் குடு கேப்டன்" என்று இசக்கி கட்டளையிட்டான். இசக்கி மொத்தமே இரண்டு ஆட்டம் ஆடியவன்.

2

முதல் தொடக்கம்: மாலைத் தென்றல் தவழும் எங்கள் மைதானத்தில்—

தென்றலாவது! வீசியது பச்சைத் தோல் நாற்றம்.

இரண்டாம் தொடக்கம்: தோல்வியே அறியாத—

இதையும் அடித்துவிட்டேன். மூன்றாம் டிவிஷனில் பதினொரு அணிகள். நாங்கள் பதினொன்றாவது. பன்னிரண்டு இருந்திருந்தால் அந்த இடத்தையும் விட்டிருக்க மாட்டோம்.

3

கோல்கீப்பர் அபுதாஹிரை நாயகனாக்குகிறேன். தோல் பட்டறை வைத்திருந்த அவன் வாப்பா, எருமைத்தோலில் பஞ்சு திணித்து மகனுக்குக் கால்பேட் தைத்துக் கொடுத்தார். மண் தரையில் அதைத் தாண்டிப் பந்து போனதே குறைவு; கோல் அடிக்கத்தான் எங்களில் ஆளில்லை.

கடைசி ஆட்டம் செயற்கைப் புல்தரையில். ஆட்டத்துக்கு முன் அதில் தண்ணீர் பீய்ச்சி நனைப்பார்கள் என்று எங்களில் ஒருவனுக்கும் தெரியாது.*

கால் மணி நேரத்தில் பேட் தண்ணீரைக் குடித்து ஊறிவிட்டது. ஈர மெத்தையைக் காலில் கட்டியவன்போல் அபுதாஹிர் நின்றான். பதினான்கு கோல். அன்றிலிருந்து அவன் பெயர் 'ஓட்டை'. வாட்ஸாப் குழுவில் இன்றும் ஆங்கில எழுத்தில் அதே பெயர்தான்.

* பொய். ஒருவனுக்குத் தெரியும்.

4

(இங்கே நகைச்சுவையாக ஒரு பத்தி எழுத இருந்தேன். நேற்று ஐரோலியில் ரயிலை விட்டு இறங்கும்போது அபுதாஹிர் போன் செய்து கெடுத்துவிட்டான்.)

"ஏலே சுடல, மலர்ல நீதான் எழுதுதியாம்லா?"

"ஆமாலே."

"எம்மவ அஃப்ஷாவும் வாரா. அவ இப்ப ஸ்கூல் டீம்ல கீப்பர். குரூப்பப் பாத்துட்டு, 'வாப்பா, ஏன் ஒங்கள ஓட்டைங்காங்க'ன்னு கேக்கா."

"நீ என்ன சொன்ன?"

"கேப்டன் எழுதுவான், கேட்டுக்கோன்னேன். அவளுக்குத் தமிழ் படிக்க வராது, நாந்தான் வாசிச்சுக் காட்டணும்." போனை வைக்கும் முன் சொன்னான்: "அதுக்கப்புறம் எங்க வாப்பா பேட் தைக்கவே இல்லலே. தன் தையல்லதான் கொறைன்னு நெனச்சுக்கிட்டே மவுத்தாயிட்டாரு."

5

முடிவு ஒன்று: கடைசி நிமிடத்தில் அபுதாஹிர் பறந்து ஒரு பந்தைத் தடுக்க— இசக்கி கைதட்டுவான். வேண்டாம்.

முடிவு இரண்டு: குற்றமெல்லாம் தண்ணீருக்கு. எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு பிரியாணிக்குப் போகிறோம். கோழையின் முடிவு இது. மூன்றாம் பகுதியில் இதற்குத்தான் அடி போட்டிருந்தேன்.

முடிவு மூன்று: ஆட்டத்துக்கு முன் நடுவர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "தரையை நனைப்போம், தோல் தாங்காது, கீப்பருக்கு இதைக் கொடு" என்று இரண்டு ஃபோம் பேட்களை நீட்டினார். எதிரணி மாட்டுங்காப் பையன்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். "தாராவித் தோல் சாப், தண்ணியால ஒண்ணும் ஆவாது" என்று இந்தியில் பீற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்துவிட்டேன். பட்டறைத் தொட்டிகளில் தோல் நாள்கணக்கில் ஊறுவதைத் தினமும் பார்த்து வளர்ந்த கழுதை நான். அபுதாஹிரிடம் மூச்சு விடவில்லை. ஆட்டம் முடிந்ததும் 'ஓட்டை' என்று முதலில் கூப்பிட்டவனும் நான்தான்.

6

மற்ற வாசகர்கள் பிரியாணிக்குப் போகலாம். உங்களுக்கு இதற்குமேல் ஒன்றும் இல்லை.

அபுதாஹிர், இதை நீ மகளுக்குச் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்திருப்பாய். மூன்றாம் முடிவில் உன் குரல் நின்றிருக்கும். "அப்புறம் வாப்பா?" என்று அவள் கேட்பாள். அவளைப் பொறுத்தவரை நீ வாசிப்பதுதான் கதை. இரண்டாம் முடிவைச் சொல்லி என்னைக் காப்பாற்றினாலும் சரி, என் பெயரோடு மூன்றாவதை முழுதாக வாசித்தாலும் சரி. உன் வாப்பாவின் தையலில் ஒரு குறையும் இல்லை என்ற வரியை மட்டும் விட்டுவிடாதே.

ஹாலில் நான் உங்களுக்குப் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன்.