துடுப்புகளுக்குக் கீழே ஒரு வரி

படகுச் சங்கத்தின் நூறாவது ஆண்டுக்குப் பழைய படகறையின் மாடியை அருங்காட்சியகமாக்குவது என்று முடிவானபோது, வேலை முழுக்க மார்லீஸின் தலையில் வந்து விழுந்தது. அவள் பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. ஓய்வுபெறும் வயது நெருங்கிவிட்டதால் பாதி நாள்தான் வேலை. அது மட்டும் காரணமில்லை. மாடியின் நடுவில் கூரையிலிருந்து தொங்கப்போகும் படகில் அவளே உட்கார்ந்து துடுப்புப் போட்டிருக்கிறாள்.

நான்கு பெண்கள், ஆளுக்கு இரண்டு துடுப்பு பிடித்து ஓட்டும் படகு அது. கிழக்கு ஜெர்மனி என்று ஒரு நாடு இருந்தபோது, இந்தச் சின்ன ஏரிக்கரை ஊரிலிருந்து அந்த நான்கு பேரும் கிளம்பிப் போய் உலகப் போட்டியில் தங்கம் வாங்கி வந்தார்கள். ரயிலடிக்கு ஊரே திரண்டு வந்தது. நால்வரில் ஒருத்தி பிற்பாடு கனடா போய்விட்டாள். குட்ருன் இறந்து மூன்று வருஷமாகிறது. ஊரில் மிஞ்சியது மார்லீஸும் ரோஸ்வித்தாவும்தான்.

படகை வாரில் கட்டி மேலே தூக்கித் தொங்கவிட்ட அன்றைக்குக் குட்ருனின் மகள் காத்யா வந்தாள். வேனின் கூரையிலிருந்து அம்மாவின் இரண்டு துடுப்புகளையும் இறக்கி மாடிக்குக் கொண்டுவந்தாள். கைப்பிடி மரம் வியர்வை ஊறிக் கறுத்திருந்தது. மார்லீஸ் ஒன்றை வாங்கிக் கையில் பிடித்துப் பார்த்தாள். குட்ருனின் கை அவள் கையைவிடப் பெரியது. அது நினைவுக்கு வந்ததும் சட்டென்று சுவரில் சாய்த்து வைத்துவிட்டாள்.

"சித்தி, இதை நான் சும்மா தரல," என்றாள் காத்யா. "கீழ ஒரு வரி எழுதணும்."

"என்ன எழுதணும், சொல்லு."

"ஐம்பத்தாறு வயசுல கல்லீரல் கட்டியில செத்தாங்க. பதினாறு வயசிலேருந்து இந்தச் சங்கத்துல அவங்களுக்கு மாத்திரை கொடுத்தாங்க. அவ்வளவுதான். யாரையும் திட்ட வேண்டாம்."

மார்லீஸ் கமிட்டியில் பேசிப் பார்க்கிறேன் என்றாள். காத்யா தலையசைத்தாள். ஆனால் அந்த முகத்தில் நம்பிக்கை ஒன்றும் தெரியவில்லை.

மாத்திரை விஷயம் ரகசியமே இல்லை. பயிற்சி முடிந்து வந்ததும் தேநீர்க் கோப்பைக்குப் பக்கத்தில் நீல நிறத்தில் சின்னதாக ஒன்று இருக்கும். வைட்டமின் என்பார்கள். யாரும் இரண்டாவது கேள்வி கேட்டதில்லை. பெர்லின் சுவர் விழுந்த பிறகுதான் அது ஆண்களின் உடம்பில் சுரக்கும் ஹார்மோன் வகை என்று பத்திரிகைகளில் வந்தது. அதற்குள் மார்லீஸுக்குக் குரல் கட்டையாகிப் பல வருஷம் ஆகியிருந்தது. தொலைபேசியில் அவளை "ஐயா" என்று கூப்பிடாதவர்கள் குறைவு. ஊரில் அது ஒரு வேடிக்கையாகவே ஆகிவிட்டது. அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

கமிட்டியில் தலைவன் டோர்ஸ்டன் அவள் சொன்னதை முழுவதும் கேட்டுக்கொண்டான். நல்லவன்தான், சங்கத்துக்காக நாயாக உழைக்கிறவன். விழா அன்றைக்கு இது வேண்டாம், பிற்பாடு அந்தக் காலத்தைப் பற்றித் தனியாக ஒரு பலகை வைத்துவிடலாம் என்றான். 'பிற்பாடு' என்றால் எப்போது என்று மார்லீஸ் கேட்டதற்கு மற்றவர்கள் மேசையைப் பார்த்தார்கள். நாடா வெட்டப்போவது லோதார் வீஸ்னர். அந்த நான்கு பேருக்கும் பயிற்சி கொடுத்தவர் அவர்தான். சிறுவனாக இருந்த டோர்ஸ்டனை முதல்முதலில் படகில் ஏற்றி உட்கார வைத்ததும் அவர்தான். அவர் முகத்துக்கு நேரே அப்படியொரு வரியை எப்படி மாட்டுவது?

ரோஸ்வித்தாவுக்கு அன்றைக்கே சேதி போய்விட்டது. அவள் முடிதிருத்தும் கடை வைத்திருக்கிறாள். ஊரில் எது நடந்தாலும் முதலில் அங்கேதான் போய்ச் சேரும். மார்லீஸ் வீட்டுக்குப் போவதற்குள் வாசலில் வந்து நின்றாள்.

"என்னடி, என் பதக்கத்தைப் பிடுங்கப் போறியாமே?"

"யாரு பிடுங்குறா? அது குட்ருனுக்கு எழுதற வரி."

"குட்ருனுக்குன்னா நமக்கும்தான். ஒரே படகுதானே? நாளைக்கு எவனாவது வந்து பார்த்துட்டு, ஓ, இவளுங்க மாத்திரை முழுங்கி ஜெயிச்சவளுங்கன்னு சொல்லிட்டுப் போவான். குளிர்காலத்துல ஏரியோரமா ஐஸ் கட்டியிருக்கும், அதை உடைச்சுக்கிட்டுப் போவோமே, அதை மாத்திரையா செஞ்சுது? என் உள்ளங்கையில தோலே இருக்காது. எங்க அம்மா எனக்கு ஊட்டி விட்டிருக்கா, தெரியுமில்ல?"

"தெரியும்."

"நீயும் முழுங்கின, நானும் முழுங்கினேன். நமக்கு என்ன ஆச்சு? நல்லாத்தானே இருக்கோம்?"

உள்ளே வா, காபி போடுகிறேன் என்றாள் மார்லீஸ். ரோஸ்வித்தா வரவில்லை. அவள் சொன்னதில் பாதி மார்லீஸுக்கும் நியாயமாகத்தான் பட்டது. அன்று இரவு தூக்கம் வராமல் போனதற்கு அதுதான் காரணம். அந்தத் தங்கம் பொய் என்றால் அவளுடைய இளமை முழுக்கப் பொய். பொய் இல்லையென்றால் குட்ருன் எதற்காகச் செத்தாள்?

இரண்டு நாள் கழித்து அவள் வீஸ்னரைப் பார்க்கப் போனாள். ஊருக்கு வெளியே, ரயில் பாதையை ஒட்டிய தோட்டங்களில் அவருக்கு ஒரு துண்டு நிலம் உண்டு. கிழவர் ஜாடிகளில் வெள்ளரிக்காய் அடுக்கிக்கொண்டிருந்தார், ஊறப்போடுவதற்கு. எண்பதை நெருங்கியும் முதுகு கொஞ்சமும் வளையவில்லை. அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. பெஞ்சைத் துடைத்து உட்காரச் சொன்னார். அவள் வாய் திறப்பதற்குள் அந்தப் பந்தயத்துக்குப் போய்விட்டார். ருமேனியப் பெண்கள் பாதிப் படகு முன்னால் போனது, இவர்கள் கடைசியில் எழும்பியது, கரையில் அவர் தொப்பியைத் தண்ணீரில் விட்டது. மார்லீஸுக்கு அந்தப் பந்தயத்தில் தன் மூச்சுச் சத்தத்தைத் தவிர எதுவும் நினைவில்லை. அவர் சொல்லச் சொல்லத்தான் அது திரும்ப வந்தது. கேட்கக் கேட்க அவளுக்கு உடம்பு சூடாயிற்று. இந்த மனிதரை வெறுக்க முடிந்திருந்தால் எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்!

பிறகு அவள் குட்ருனின் பேச்சை எடுத்தாள்.

"பாவம், நல்ல பொண்ணு," என்றார். "அவளை மாதிரி முதுகு இந்த ஏரியில யாருக்கும் இருந்ததில்ல. ஆனா மனசு கொஞ்சம் இளகினது. இருபது வயசுல ஒருநாள் வந்து நிக்கிறா. மாஸ்டர், மாத்திரையை மட்டும் நிறுத்திக்கட்டுமா, வயிறு சரியில்லன்னு. நிறுத்திக்கோம்மா, நாளைக்கு உன் இடத்துல வேற பொண்ணு உட்காருவான்னேன். அழுதா. மறுநாள் விடியறதுக்கு முன்னாடி முதல் ஆளா வந்து படகை இறக்கிக்கிட்டிருக்கா. அப்படித்தான் ஆளை எழுப்பணும்."

அதைச் சொல்லிவிட்டு ஜாடியில் சதகுப்பைத் தழையைத் திணித்தார். தான் என்ன சொன்னோம் என்பது அவருக்கே தெரியவில்லை. நல்ல பயிற்சியாளன் ஒருவன் தன் திறமைக்கு உதாரணமாகச் சொல்கிற கதை அது. எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்பாரோ?

"மாஸ்டர், அவ உங்ககிட்ட வந்து கேட்டது எங்களுக்குத் தெரியாது," என்றாள் மார்லீஸ்.

"தெரிஞ்சிருந்தா நீங்களும் வந்து நின்னிருப்பீங்க," என்று சிரித்தார். போகும்போது அவள் கையில் ஒரு ஜாடி கொடுத்தனுப்பினார். வேண்டாமென்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு அட்டையை எடுத்துக் காத்யா சொன்ன வரியை அப்படியே எழுதினாள். எழுத்து பெரிதாகவும் இல்லை, சிறிதாகவும் இல்லை. மற்ற அட்டைகளில் இருந்த அதே எழுத்து. அவளுடைய கணவன் ஹென்னிங் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தான். அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனான்.

விழா அன்று காலையில் எல்லாருக்கும் முன்னால் போய் அட்டையைத் துடுப்புகளுக்குக் கீழே மாட்டினாள். டோர்ஸ்டன் அதைப் பார்த்தபோது மாடியில் கூட்டம் ஏறத் தொடங்கியிருந்தது. அவன் முகம் வெளுத்தது. பத்திரிகைக்காரப் பெண் ஒருத்தி கேமராவோடு அங்கேயே நின்றதால் அவனால் அதைக் கழற்றவும் முடியவில்லை. மார்லீஸின் காதருகே வந்து, "இப்படிப் பண்ணிட்டீங்களே மார்லீஸம்மா," என்று மட்டும் சொன்னான். கோபத்தைவிட அதில் வருத்தம்தான் அதிகம்.

வீஸ்னர் நாடா வெட்டினார். கைதட்டினார்கள். கூரையில் தொங்கும் படகை அண்ணாந்து பார்த்துவிட்டு, சுவரிலிருந்த படங்கள் ஒவ்வொன்றின் முன்னும் நின்று, சாய்ந்த துடுப்புகளுக்கு அருகே வந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு அட்டையைப் படித்தார். அவரைச் சுற்றி நின்றவர்கள் அவர் முகத்தைப் பார்த்தார்கள். அவர் திரும்பி, எல்லாரையும் லேசாக்கிவிடுகிற குரலில் சொன்னார்:

"கட்டி யாருக்கு வேணும்னாலும் வரும். இதோ நம்ம மார்லீஸ் நிக்கிறா. அதே மாத்திரைதான். குதிரை மாதிரி இருக்கா இல்லையா?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். மார்லீஸும் பழக்கத்தில் சிரிக்கத்தான் போனாள். முகம் அதற்குத் தயாராகிவிட்டது. ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு.

"இல்ல மாஸ்டர். எனக்கு ரெண்டு குழந்தை வயித்துலயே போச்சு. ஒண்ணு நாலாம் மாசம், இன்னொண்ணு அஞ்சாம் மாசம். அப்புறம் தங்கவே இல்ல."

அந்தக் கட்டைக் குரல் மாடி முழுக்கக் கேட்டது. ஹென்னிங் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அவளருகே நின்றான்.

"மாத்திரையாலதானான்னு எனக்குத் தெரியாது," என்றாள் அவள். "எந்த டாக்டரும் ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. தெரியாமலே செத்துப்போவேன்னு நினைக்கிறேன். ஆனா நல்லா இருக்கேன்னு மட்டும் நீங்க சொல்லாதீங்க."

வீஸ்னர் கண்ணாடியைக் கழற்றிப் பையில் வைத்தார். அவளை ஒருமுறை பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பிறகு எத்தனை யோசித்தும் அவளால் சொல்ல முடியவில்லை. டோர்ஸ்டன் அவர் கையைப் பிடித்துப் படியிறக்கி அழைத்துப் போனான். ரோஸ்வித்தா கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, காட்சிக்குக் கொடுத்திருந்த தன் பதக்கத்தை எடுத்தாள். அதன் நாடாவைச் சுருட்டிக் கைப்பையில் போட்டுக்கொண்டு படியிறங்கிப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்கள் மோசமானவை. பத்திரிகையில் வந்துவிட்டதால் அட்டையை யாரும் கழற்றவில்லை. ஆனால் சங்கத்தின் காபி மேசையில் மார்லீஸ் உட்கார்ந்தால் சிலர் எழுந்து போனார்கள். வீஸ்னரின் பழைய மாணவர்கள் நான்கைந்து பேர் சங்கத்திலிருந்தே விலகினார்கள். இன்னொரு பக்கம், இப்போது படகோட்டும் பெண்களின் அம்மாக்கள் டோர்ஸ்டனிடம் வந்து, எங்கள் பிள்ளைகளுக்கு இங்கே என்ன கொடுக்கிறீர்கள் என்று கேட்டார்கள். அவன் உணவுப் பொட்டலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. காத்யா தொலைபேசியில் அழைத்தாள். நன்றி சொல்வாள் என்று மார்லீஸ் எதிர்பார்த்தாள். ஆனால் காத்யா, பத்திரிகையில் படம் பார்த்தேன், அட்டை ரொம்பச் சின்னதாக இருக்கிறது என்றாள். பிறகு, குழந்தைகள் விஷயம் அம்மாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றாள் மார்லீஸ். நாலு பேர் ஒரே படகில் உட்கார்ந்தவர்கள், ஒருத்தி மூச்சு இன்னொருத்திக்குக் கேட்கும். ஆனால் இதெல்லாம் பேசினதில்லை.

இலையுதிர் காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அருங்காட்சியகத்தில் ஆளே இல்லாத நேரத்தில், படியில் காலடிச் சத்தம் கேட்டது. ரோஸ்வித்தா. மழைக்கோட்டைக் கழற்றாமல் படகுக்கடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"தூசி தட்டுறதில்லையா?"

"ஏணி இல்ல."

ரோஸ்வித்தா துடுப்புகளுக்கு அருகே போனாள். அட்டையை நெடுநேரம் படித்தாள், ஏதோ பெரிய கட்டுரை மாதிரி.

"உங்கிட்ட எனக்குக் கோபம் தீரல," என்றாள் திரும்பாமலே. "மாஸ்டருக்கு அன்னைக்குப் படியிறங்கும்போது முதுகு வளைஞ்சிருந்துச்சு. அதை நான் மறக்க மாட்டேன். பதக்கத்தையும் கொண்டுவர மாட்டேன். அது என் வீட்டுல இருக்கும்."

"இருக்கட்டும்."

"எனக்கு ஒண்ணும் ஆகல, மார்லீஸ். ரெண்டு பிள்ளை பெத்தேன், ரெண்டும் நல்லா இருக்கு. அதுக்காக நான் என்ன பண்றது? உன்கிட்ட மன்னிப்பு கேக்கவா?"

"வேண்டாம்டி."

ரோஸ்வித்தா ஒரு துடுப்பின் கைப்பிடியைத் தொட்டாள்.

"ஃபைனலுக்கு முன்னாடி இவ வாந்தி எடுத்தா. அங்க இருந்த படகறைக்குப் பின்னால. நான்தான் பக்கெட்டைப் பிடிச்சேன். மஞ்சளா வந்துச்சு. வயித்துவலின்னா, யார்கிட்டயும் சொல்லாதேன்னா. சொன்னா ஆளை மாத்திடுவாங்கன்னு பயம். வாயைக் கொப்பளிச்சுட்டு வந்து உட்கார்ந்தா. கடைசி முந்நூறு மீட்டர்ல நாம எழும்பினோமே, அவதான் இழுத்தா. என் முதுகுக்குப் பின்னால இருந்துதான் அந்த வேகம் வந்துச்சு, எனக்குத் தெரியும். அதையும் எழுது."

"எதை? வாந்தியையா, இழுத்ததையா?"

"ரெண்டையும்தான். ஒண்ணை எழுதி ஒண்ணை விட்டா அது குட்ருன் இல்ல."

மார்லீஸ் மேசையிலிருந்து புதிதாக ஒரு அட்டையை எடுத்தாள், முன்னதைவிடப் பெரியது. ரோஸ்வித்தா இன்னொரு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். முதல் வரியிலேயே சண்டை வந்தது. 'நோயுற்றிருந்தாள்' என்று மார்லீஸ் எழுத, அது என்ன ஆஸ்பத்திரிப் பேச்சு, வாந்தி எடுத்தாள் என்றே போடு என்று ரோஸ்வித்தா அட்டையைப் பிடுங்கி அந்தச் சொல்லைக் கோடிட்டு அடித்தாள். ஜன்னலுக்கு வெளியே ஏரியில் மழை பெய்துகொண்டிருந்தது. அன்றைக்கு மாடிக்கு வேறு யாரும் வரவில்லை.