விபத்தாம்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபத்துநாலாம் வருசத்து ஆடி வெள்ளம் வடிந்த நான்காம் நாள் காலை, பாவாயி தன் கொடிக்காலில் அழுகிப்போன வெற்றிலைக் கொடிகளைப் பிடுங்கிக் குவித்துக்கொண்டிருந்தாள். காளியண்ணன் வந்து நின்றார். அவள் வாங்க என்று சொல்லவில்லை.

பக்கத்து வாழைத்தோட்டம் அவருடையது. அதில் ஒரு மரம்கூடச் சாயவில்லை. காவிரித் தண்ணீர் ஏறி வந்தபோது நடுவரப்பை வெட்டி இவள் பக்கம் திருப்பிவிட்டவர் அவர்தான். மண்வெட்டியும் கையுமாக நின்றவரை அன்று அவள் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாள்.

"பெரிய விபத்து, அம்மிணி" என்றார், துண்டால் முகத்தைத் துடைத்தபடி. "ஊருக்கே வந்தது. யாரைக் குத்தஞ் சொல்றது?"

விபத்தாம். வெள்ளச் சேதம் எழுத வந்த தாலுகா கச்சேரி ஆள் வாயிலிருந்து பொறுக்கிக்கொண்ட வார்த்தை. பாவாயிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"விபத்துங்கிறது தானா வர்றதுங்க. மம்முட்டி தூக்கிட்டு வராது. மூணு வருசக் கொடி செத்துக் கெடக்குது. எழவுன்னே சொல்லுங்க."

"எழவு கிழவுன்னு பேசாத, அம்மிணி. வாயில நல்ல வார்த்தை வரட்டும்."

அவள் இன்னொரு கொடியைப் பிடுங்கி அவர் காலடியில் போட்டாள். அழுகல் நாற்றம் குப்பென்று எழுந்தது. அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி நடந்தார்.

சாவு வீட்டிலிருந்துதான் யாரும் வாரேன் என்று சொல்லாமல் கிளம்புவார்கள். அவர் பத்தடி போகும்வரை பாவாயி காத்திருந்தாள்.

"ஏனுங்க, வாரேன்னு சொல்லாமப் போறீங்க. அப்ப எழவுன்னு உங்களுக்கும் தெரியுதுங்க."