நூற்றுப் பன்னிரண்டாவது ஊசி

கொளஞ்சி கையை நீட்டவில்லை.

டயாலிசிஸ் ஊசியோடு நின்ற சிஸ்டர் ஜூலி, "மாப்பிள்ளை முறுக்கெல்லாம் போதும் ஐயா, கையைக் குடுங்க!" என்றாள்.

அவர் மடியிலிருந்த கணக்கு நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டரை மாதம் முன்பு, சிகிச்சையே வேண்டாம் என்று முதலியார்பேட்டை வீட்டில் சுருண்டு படுத்த மனிதர். மகள் கவிநிலா கெஞ்சியபோது ஒரு நிபந்தனை போட்டார். மூடிப்போன பஞ்சாலையில் முப்பது வருஷம் ஃபிட்டர் அவர். பல்சக்கரக் கணக்குக்கு அங்கே 355-ஐ 113-ஆல் வகுப்பார்கள். அதுதான் வட்டக் கணக்கில் வரும் பை (π), முடிவே இல்லாத எண் என்று நம்பியவர்.

"ஊசிக்கு ஒரு இலக்கம் வகுப்பேன். கணக்கு ஓயுற அன்னிக்கு ஊசியும் ஓயும். சம்மதமா?"

வாரம் மூன்று ஊசி. இன்று நூற்றுப் பன்னிரண்டாவது.

மீதி 92. பூஜ்யம் சேர்த்தால் 920. 113 எட்டு முறை, 904. போக...

"பதினாறு."

முதல் பக்கத்தைப் புரட்டினார். அங்கேயும் முதல் மீதி பதினாறு.

"இனிமே வந்ததேதான் வரும். கணக்கு ஓஞ்சிடுச்சி கவி. உனக்குத் தெரியும்ல?"

கட்டிலருகே நின்ற கவிநிலா கணக்கு டீச்சர். பொய் சொல்ல வரவில்லை.

"மொத நாளே தெரியும்பா. இது பை இல்ல. பைக்குப் பக்கத்துல நிக்கிற பின்னம். பின்னம்னா ஒரு நாள் திரும்பித்தான் ஆகணும்."

"ஏன் சொல்லல?"

"நூத்திப் பன்னெண்டு தடவை வருவியேன்னுதான்."

ஜூலி ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"அப்ப அசல் பையைக் குடு."

"அது எந்தச் சமன்பாட்டுலயும் சிக்காதுப்பா. நோட்டுல இலக்கம் இலக்கமா எடுக்கறது கஷ்டம்." நோட்டில் ஒரு சதுரம் வரைந்தாள். "பக்கம் ஒண்ணு. மூலைக்கு மூலை?"

"ரெண்டோட வர்க்கமூலம்."

"அது ஓயாது. இலக்கம் இலக்கமா கையாலயே போடலாம்."

"இதுவும் பொய்யா?"

"நீயே பாரு. அதை ஒரு பின்னம்னு வெச்சிக்க. சுருக்கி முடிச்ச பின்னம். மேல இருக்கறதோட வர்க்கம், கீழ இருக்கறதோட வர்க்கத்துக்கு ரெண்டு மடங்கு. அப்ப மேல ரெட்டைப்படை. அதோட வர்க்கம் நாலால வகுபடும். அப்ப கீழ..."

"கீழயும் ரெட்டை." அவர் நிமிர்ந்தார். "ரெண்டும் ரெட்டைன்னா இன்னும் சுருக்கலாமே? சுருக்கி முடிச்சதுன்னியே?"

"சொன்னேன்."

அவர் சதுரத்தின் மூலைக்கு மூலை விரலை ஓட்டினார்.

"அப்ப அப்படி ஒரு பின்னமே கிடையாது. வந்தது திரும்பவே திரும்பாது," என்றார் மெதுவாக. "எட்டரை மாசமா ஏமாத்திட்டியேடி."

கவிநிலா தலை குனிந்தாள். அவர் புதுப் பக்கம் திருப்பி 1 எழுதினார். புள்ளி வைத்தார்.

"அடுத்தது நாலு. அது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். வெள்ளிக்கிழமை ஊசிக்குப் போட்டுக்கறேன்."

கையை நீட்டினார்.