யார் பார்த்தது?

மருந்துக் கிடங்கின் மாடி அறையில் அவளுக்குத் துணை இரண்டு மென்பொருள் ஏஜென்ட்கள்தான். குளிர் அறையைக் கவனிக்கிறவனுக்குப் பெரியவன் என்றும், லாரிகளை அனுப்புகிறவனுக்குச் சின்னவன் என்றும் அவளே பெயர் வைத்திருந்தாள். பேச ஆளில்லாத இடத்தில் வேறென்ன செய்வாள், பாவம்! ஒருவன் சொன்னது சரியாக இருந்தால் மற்றவன் அவனுக்கு நம்பிக்கை மதிப்பெண் போடுவான். மதிப்பெண் ஏறிவிட்டால் அப்புறம் குறுக்குக் கேள்வி கிடையாது. அந்த ஏற்பாடும் அவள் கைங்கரியம்தான். வேலை மளமளவென்று நடந்தது. அவளைத்தான் யாரும் எதற்கும் கூப்பிடவில்லை.

வீட்டு விஷயமும் அதே லட்சணம்தான். அவள் ஓர் ஊர், அண்ணன் ஓர் ஊர், அப்பா இன்னோர் ஊரில் தனியாக. "அப்பா எப்படி?" என்று அண்ணன் செய்தி அனுப்புவான். "நல்லாயிருக்கார்" என்பாள். அடுத்த வாரம் அவள் கேட்பாள், அவன் அதையே சொல்வான்.

அன்று மத்தியானம் பேச்சுத் துணை தேடிக் கீழே போனாள். சுமை ஏற்றுகிறவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். சும்மா இருக்க முடியாமல் குளிர் அறைக் கதவைத் திறந்தாள். உள்ளே குளிரவே இல்லை. வெப்பமானியின் ஒயர் கழன்று தொங்கியது. மருந்து எதையும் லாரியில் ஏற்றாதபடி கதவைப் பூட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

நடந்தது கணினித் திரையில் இருந்தது. வெப்ப அளவு வராமல் போனதும் பெரியவன் சின்னவனைக் கேட்டிருக்கிறான். சின்னவன், முன்பு பெரியவன் சொன்னதை நம்பி, "சரியாக இருக்கிறது" என்றிருக்கிறான். அதை நம்பிப் பெரியவனும் "சரி" என்று போட்டுவிட்டான். நேற்றிலிருந்து இதே கூத்து. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. யாரும் போய்ப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். அவளுக்கு அப்பாவின் நினைவும் வந்தது.

அண்ணனைக் கூப்பிட்டாள். "அப்பாகிட்ட கடைசியா எப்பண்ணா பேசினே?"

"நீதானே நல்லாயிருக்கார்னு சொன்னே?"

"நீ சொன்னதைத்தான் நான் திருப்பிச் சொன்னேன்."

அதோடு அவனை வைத்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள்.

அப்பா முதல் மணியிலேயே எடுத்தார். "நல்லாயிருக்கேம்மா. என்ன, ஏதாவது பிரச்சனையா?"

"ஒண்ணுமில்லப்பா. வீடியோ போடுங்க, பாக்கணும்."

"ஷேவ் பண்ணலம்மா, கண்றாவியா இருப்பேன்."

"பரவால்ல, போடுங்க."

அவர் வலது கை முழங்கை வரை மாவுக்கட்டில் இருந்தது.

"எப்பப்பா ஆச்சு?"

"அது ஆச்சு, ஒரு மாசம் இருக்கும். நீங்க யாராவது கூப்பிட்டா சொல்லலாம்னு இருந்தேன்."

அவள் முகத்தைத் திரையிலிருந்து திருப்பிக்கொண்டாள். அவள் போனை வைக்கப் போகிறாள் என்று நினைத்துவிட்டார்போல.

"இரும்மா, இரு" என்று அவசரமாக எழுந்தார். இடது கையில் போன் ஆடியது. "சமையல் ரூமைப் பாக்கலையே நீ. வா, அதையும் காட்டுறேன்."