வலிக்கு ஒரு பொடி

நாள் தள்ளிப்போனதும் வீடே குளிர்ந்துபோனது. கர்ப்பமில்லை என்று தெரிந்தபின் அதே வீடு முணுமுணுத்தது. சின்ன மருமகளுக்கு முகம் மட்டும் பூரித்துக்கொண்டே போயிற்று. அவள் தனக்குத் தைத்துக்கொண்ட சட்டை வயிற்றில் இறுகியது, கையில் தொளதொளத்தது. ஊருக்கெல்லாம் அளவெடுக்கும் தையற்காரிக்குத் தன் உடம்பின் அளவு பிடிபடவில்லை.

"வெளியிலேருந்து ஏதோ உள்ள போகுதும்மா," என்றார் மருத்துவர். "கார்ட்டிசால்ங்கற ஹார்மோன் மாதிரியே வேலை செய்யற ஸ்டீராய்டு மருந்து. அது அளவுக்கு மீறினா, மூளை கருமுட்டைப் பைக்குச் சேதி அனுப்பறதையே நிறுத்திடும். அப்புறம் முட்டை எங்க வளரும், பீரியட்ஸ் எங்க வரும்? யாராவது மருந்து குடுக்கறாங்களா?"

கொடுக்கிறாள். மெஷினில் குனிந்து குனிந்து இடுப்பு விட்டுப்போன நாளிலிருந்து, ஓரகத்தி தினமும் சாயங்காலம் ஏதோ ஒரு பொடியைத் தேனில் குழைத்து நீட்டுகிறாள்.

"சட்டுனு நிறுத்திடாதீங்க, உயிருக்கே ஆபத்து. நாளைக்குப் பொட்டலத்தோட வாங்க. படிப்படியா கொறைக்கலாம்."

பேருந்தில் திரும்பும்போது ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்த்தாள். ஆண்பிள்ளை பெறுகிறவளுக்குத்தான் மாடி வீடு என்று மாமனார் வாய்விட்டுச் சொன்னவர். பெரியவளுக்கு இரண்டும் பெண். பொடி தொண்டையில் இறங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டே நிற்பாளே, அது அக்கறையா? உள்ளே விஷம், உதட்டில் தேன். இவ்வளவு நாள் வெளுத்ததெல்லாம் பால் என்று இருந்துவிட்டோமே என்று தன்மேலேயே ஆத்திரம் வந்தது.

சமையலறையில் பெரியவள் கையில் கரண்டி தயாராக இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னாங்க?"

"ஒண்ணுமில்லக்கா." வேறு வழியில்லாமல் விழுங்கினாள். "இதை நீங்க சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லையே."

பெரியவள் சிரித்தாள். "நான் சாப்பிடாததையா உனக்குக் குடுப்பேன்? என் முட்டி வலிக்கு வருஷக்கணக்கா இதுதான். நீ தையக் கடையிலேருந்து வர்றதுக்குள்ள சாப்பிட்டுடுவேன்." கரண்டியைக் கழுவியபடி குரலைத் தாழ்த்தினாள். "மூணாவதாவது பையனாப் பொறக்கும்னு பார்த்தேன். உன் வயசுலயே எனக்கு நின்னுபோச்சுடி. குடுத்துவைக்கல."

சின்னவள் அந்த முகத்தை முதன்முறையாக உற்றுப் பார்த்தாள். செழிப்பு என்று நினைத்திருந்த அதே உருண்டை. தாடையோரத்தில் பூனைமுடி. நெஞ்சு இளகப் பார்த்தது. ஆனாலும் கேட்ட பேச்சை நம்ப மனம் வரவில்லை.

"இன்னிக்குச் சாப்பிட்டாச்சாக்கா?"

"இல்ல, மறந்தே போனேன்." பெரியவள் பொட்டலத்தைப் பிரித்துத் தேனை ஊற்றிக் குழைத்தாள். அது தொண்டையில் இறங்கும்வரை இந்த முறை சின்னவள் பார்த்துக்கொண்டே நின்றாள்.