துரைசாணியின் நாற்காலி

எழுபத்தெட்டாம் வருஷம், ஊரே துரைசாணி என்று கூப்பிட்ட மார்கிட், எங்கள் ஊருக்கு வந்த அன்றே அந்த நாற்காலி அவளைப் பிடித்துக்கொண்டது. ஊர்ப் பெரியவர் கந்தப்பன் மாமா ஆட்டையாம்பட்டியிலிருந்து வாங்கி வந்த இரும்பு மடக்கு நாற்காலி அது. சுவீடனிலிருந்து கடல் தாண்டி நம் பிள்ளைகளுக்குச் சேவை செய்ய வந்த பெண் மண்ணில் உட்கார்ந்தால் ஊருக்கே கேவலம் என்று அவர் சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அவள் எங்கே போனாலும் யாராவது ஒருவர் அதைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனார்கள். களத்துக்கு, கிணற்றடிக்கு, ஏன், எழவு வீட்டுக்குக்கூட. அங்கே பெண்களெல்லாம் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்க, நடுவில் இவள் மட்டும் கலெக்டர் மாதிரி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அழுகைக்கு நடுவே எனக்குச் சிரிப்பு வந்து தொலைத்தது.

நான் வசந்தாமணி, அந்த ஊர் பால்வாடி டீச்சர். பிள்ளைகளை எடை போடுவதும், கம்பும் நிலக்கடலையும் வறுத்து அரைத்துக் கஞ்சி காய்ச்சுவதும் எங்கள் இருவருக்கும் வேலை. எடை போட்டால் கண்பட்டுவிடும் என்று பாதித் தாய்மார்கள் பிள்ளையை மறைத்துக்கொண்டு ஓடுவார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். மார்கிட் மறுநாளும் அதே வாசலில் போய் நிற்பாள். எனக்கு இல்லாத பொறுமையெல்லாம் அவளிடம் இருந்தது.

வீட்டுக்கு வீடு அவளுக்குக் காப்பி உண்டு, அதுவும் வெள்ளி டம்ளரில். அவள் குடித்து முடிக்கும்வரை பெண்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருப்பார்கள். அவள் விளக்குமாற்றைத் தொட்டால் ஒருத்தி பிடுங்கிக்கொள்வாள், குடத்தைத் தொட்டால் இன்னொருத்தி. ஒரு வருஷத்தில் நன்றாகவே தமிழ் பேசக் கற்றுக்கொண்டாள். ஆனால் பிள்ளைகளின் எடையைத் தவிர வேறு பேச்சுக்கு அவளோடு ஆள் இல்லை.

ஐப்பசியில் பூவாத்தாளின் மகளுக்கு வயிற்றுப்போக்கு கண்டு கண் செருகிப் போனது. மார்கிட் பக்கத்திலேயே இருந்து உப்பும் சர்க்கரையும் கரைத்த தண்ணீரைக் கரண்டி கரண்டியாகப் புகட்டினாள். உள்ளறையில் பூவாத்தாள் கருப்பணாருக்குக் கிடாய் வெட்டுவதாக வேண்டிக்கொண்டாள். பிள்ளை பிழைத்தது. "கருப்பணாரு காப்பாத்திக் குடுத்துட்டாரு" என்று பூவாத்தாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தபோது எனக்கு வயிறு எரிந்தது. மார்கிட்டிடம் சொன்னேன். "பொளச்சுதே, போதுமுங்க" என்றாள்.

சித்திரையில் வேண்டுதலைத் தீர்க்க எல்லாரும் கருப்பணார் கோயிலுக்குப் போனோம். நாற்காலியும் வந்தது. வேப்பமரத்து நிழலில் அதைப் போட்டு மார்கிட்டை உட்கார வைத்தார்கள். நாங்கள் பெண்கள் பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்தோம்.

எங்கள் பக்கத்தில் கிடாயை அப்படியே வெட்டிவிட மாட்டார்கள். மஞ்சள் தண்ணீரை முதுகில் ஊற்றி நிறுத்துவார்கள். அது தானாக உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதைத் துளுக்குவது என்போம். துளுக்கினால் சாமி சம்மதித்துவிட்டது. துளுக்காவிட்டால் கூட்டத்தில் யாருக்கோ மனக்குறை இருக்கிறது, சாமி ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தம். கிடாயை வீட்டுக்குத் திருப்பி ஓட்டிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பூசாரி சின்னண்ணன் தண்ணீர் ஊற்றினார். கிடாய் கழுத்து மாலையைத் தின்றுகொண்டு நின்றது. இன்னொரு சொம்பு ஊற்றினார். அப்போதும் அது அசையவில்லை.

"ஆருக்காச்சும் மனக்கொறை இருந்தா இப்பவே சொல்லிப்போடுங்க" என்றார் பூசாரி. "உள்ள வெச்சுக்கிட்டு நிக்காதீங்க."

பூவாத்தாளின் புருஷன் அர்த்தநாரி தயங்கித் தயங்கி முன்னால் வந்தார். "அண்ணன் மோட்டாரை நேரத்துக்கு நிறுத்தறதில்லீங்க. என்ற முறைக்குக் கெணத்துல தண்ணி இருக்கறதில்ல."

அண்ணன் என்றது கந்தப்பன் மாமாவை. இருவருக்கும் பொதுக் கிணறு. அவர் மூஞ்சி சுருங்கியது. "செரி, இனிமே நிறுத்திப்போடறன். இதை ஊட்டுல வந்து சொல்றதுக்கு என்னடா?" என்றார். இருவரும் ஒருவருக்கொருவர் திருநீறு பூசிக்கொண்டார்கள். மறுபடியும் தண்ணீர் ஊற்றினார்கள். கிடாய் மாலையின் மிச்சத்தைத் தின்று முடித்தது.

வெயில் ஏறியது. பூசாரி சொம்பு சொம்பாக ஊற்றிக்கொண்டே இருந்தார். பூவாத்தாள் மகளை இடுப்பில் இறுக்கிக்கொண்டாள். "சாமி ஏத்துக்கலீன்னா என்ற புள்ளைக்கு மறுபடி என்னாகுமோ" என்றாள் என்னிடம். அதைக் கேட்டதும் அவள்மேல் இருந்த எரிச்சலெல்லாம் போய்விட்டது. பெற்றவளுக்குத்தான் அந்தப் பயம் தெரியும்.

அதற்குள் கூட்டத்தில் குசுகுசுப்பு கிளம்பி, எல்லார் கண்ணும் வேப்பமரத்துப் பக்கம் திரும்பியது. பிள்ளையைப் பார்த்துக்கொண்டது துரைசாணி, பேர் வாங்கியது சாமி. அந்த வருத்தம் அவளுக்கு இருக்காதா என்று பேசிக்கொண்டார்கள். பூவாத்தாள் பிள்ளையோடு எழுந்து நேராக அவள் முன்னால் போய் நின்றாள்.

"ஏனுங்க தொரசாணி, நீங்கதான் கூடவே இருந்து பாத்தீங்க. நான் சாமி பேரைச் சொல்லிப்போட்டேன். அதுல உங்களுக்குக் கொறையுங்களா?"

மார்கிட் தலையை ஆட்டினாள். "அதுல இல்லீங்க."

"வேற ஏதாச்சும் இருந்தாச் சொல்லுங்க. என்ற புள்ளைக்கோசரம் சொல்லுங்க."

மார்கிட் பிள்ளையைப் பார்த்தாள். பிறகு எழுந்து நாற்காலியின் முதுகில் கையை வைத்தாள்.

"இதுதானுங்க" என்றாள். "எல்லாரும் கீழ உக்காந்து பேசறீங்க, சிரிக்கறீங்க. நான் இதுல உக்காந்து பாத்துட்டே இருக்கறேன். எங்க ஊருல எனக்கு ரெண்டு அக்கா இருக்கறாங்க. இங்க என்கூட உக்கார ஒருத்தரும் இல்லீங்க."

அவள் குரல் உடைந்தது.

"மரியாதைக்குத்தானுங்களே போட்டோம்" என்றார் கந்தப்பன் மாமா. அவர் முகம் வாடிவிட்டது.

"தெரியுமுங்க. அதனாலதான் இத்தனை நாளாச் சொல்லலீங்க."

பூவாத்தாள் மார்கிட்டின் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து, எனக்கும் தனக்கும் நடுவில் மண்ணில் உட்கார வைத்தாள். மகளை அவள் மடியில் போட்டாள். கந்தப்பன் மாமா யாரையும் கூப்பிடாமல் தானே போய் நாற்காலியைப் படாரென்று மடக்கினார்.

கிடாய் தலையிலிருந்து வால்வரை உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் மூவர் மேலும் தெறித்தது. பெண்கள் குலவையிட்டார்கள். பூவாத்தாள் முந்தானையில் முகத்தைப் புதைத்து அழுதாள். நாற்காலிச் சத்தத்தில் மிரண்டுதான் அது துளுக்கியது என்று நான் பின்னால் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். அப்போதெல்லாம் பூவாத்தாள் என்னை முறைப்பாள்.

சமையலுக்கு வெங்காயம் உரிக்கும்போது மார்கிட் தோலோடு பாதி வெங்காயத்தையும் சேர்த்து எறிந்தாள். "வெங்காயம் என்ன வெலை விக்குது, இப்படியா உரிக்கறது?" என்று பூவாத்தாள் ஒரு அதட்டுப் போட்டாள். எங்கள் ஊரில் மார்கிட் வாங்கிய முதல் திட்டு அதுதான். தலையைக் குனிந்துகொண்டு ஒழுங்காக உரித்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது, முகம் சிரித்தது. வெங்காயத்தால் கண்ணீர் வருவது உண்டு, சிரிப்பு வருவதை அன்றுதான் பார்த்தேன்.

எல்லாருக்கும் பரிமாறிவிட்டுப் பெண்கள் நாங்கள் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தோம், மார்கிட்டும் எங்களோடு. எனக்கும் பூவாத்தாளுக்கும் ஒவ்வொரு துண்டு விழுந்தது. அதோடு சட்டி காலியாகிவிட்டது. வெள்ளி டம்ளரில் காப்பி குடித்தவளுக்கு வெறும் குழம்பைத்தான் ஊற்றினார்கள்.

பூசாரி கை கழுவிக்கொண்டு அந்தப் பக்கமாக வந்தார். "ஏனுங்க அம்முணி, இப்பக் கொறை ஒண்ணுமில்லீங்களே?"

"இருக்குதுங்க" என்றாள் மார்கிட். "கறி பத்தலீங்க."

பந்தி முழுக்கச் சிரிப்பு. பூவாத்தாள் சிரிக்கவில்லை. தன் எச்சில் இலையிலிருந்த அந்த ஒரே துண்டைப் பிய்த்து, பாதியை அவள் இலையில் வைத்தாள். "தின்னு" என்றாள்.